ஸ்பீக்கர் போட்டுப் பேசுமுன்

மாலை ஏழரை மணி இருக்கும். பிள்ளைக்காம்பராவில் புதிதாகச் சேர்க்கப்போகும் ஒரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பதற்காக மேல்கணக்கு லயம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் பாட்டி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மாவு டப்பாவில் சாத்தி வைத்த போனில், குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் பேசிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாட்டி பேசினார், மருமகள் பேசினார், ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவும் "சாப்பிட்டியா புள்ள?" என்று ஒரு குரல் கொடுத்தார். மகள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நல்லா இருக்கேன், ஒண்ணும் கொறையில்ல."

இரண்டு நாள் கழித்து மருமகள் என்னைத் தேடி வந்தார். நாத்தனார் எழுத்தில் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினார். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை, கடவுச்சீட்டையும் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார், ஏஜென்சிக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "எப்ப எடுத்தாலும் ஸ்பீக்கர்ல போடுறீங்க, நான் எப்படிச் சொல்றது?"

விஷயத்தைச் சொன்னபோது பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னா கண்டேன் ஐயா, எல்லாரும் அவ கொரல கேக்கணும்னுதானே போட்டேன்" என்றார். அவர் மேல் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் தோட்டங்களில் ஸ்பீக்கர் போட்டுப் பேசாத வீடு எது? ஆகவே இம்முறை அந்த ஸ்பீக்கரைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

நாம் ஏன் ஸ்பீக்கர் போடுகிறோம்? கை வேலையாக இருக்கும். வயதானவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேசினால் வீட்டில் ஐந்து பேருக்கும் கேட்க ஆசை இருக்கும். இவை தவிர ஒரு காரணத்தையும் கண்டிருக்கிறேன். பலருடைய போனில் காதில் வைத்துக் கேட்கும் சிறு துவாரம் மாவு, தூசி, வியர்வை பட்டு அடைத்துப்போயிருக்கும். சத்தம் குறைந்ததும் போன் பழுது என்று நினைத்து எப்போதும் ஸ்பீக்கரிலேயே பேசப் பழகிவிடுகிறார்கள். காய்ந்த, மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷால் அந்த இடத்தை மெதுவாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். பல வேளை அதிலேயே சரியாகிவிடும். ஊசியால் குத்த வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இனி அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். போனின் மேல்பக்கம் காதுக்கென்று ஒரு சிறிய ஒலிப்பான் இருக்கிறது. அதன் சத்தம் காதோடு ஒட்டி வைத்தால்தான் கேட்கும். கீழ்ப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இன்னொன்று இருக்கிறது, அதுதான் மணியடிப்பதும் பாட்டுப் பாடுவதும். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியதும் குரல் முதலாவதை விட்டு இரண்டாவதற்குப் போகிறது. அதோடு, தூரத்திலிருந்து பேசுவதும் கேட்க வேண்டும் என்பதால் நாம் பேசுவதை வாங்கும் ஒலிவாங்கியையும் போன் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஸ்பீக்கர் போட்டால் அங்கிருந்து வருவது மட்டும் பெரிதாகிறது என்று நினைக்கிறோம். இங்கிருந்து போவதும் பெரிதாகிறது. அடுப்பில் குழம்பு கொதிப்பதும், டீவியும், அடுத்த காம்பராவில் நடக்கும் சண்டையும் சேர்ந்தே குவைத்துக்குப் போகின்றன.

கோயில் திருவிழாவில் மைக் செட் கட்டும்போது நீங்கள் அவதானித்திருப்பீர்கள். பேசுகிறவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றால் "கூ" என்று ஒரு ஊளை கிளம்பும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம் மறுபடியும் மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, திரும்ப ஒலிபெருக்கிக்குப் போய், திரும்ப மைக்குக்கு வந்து சுற்றிக்கொண்டே இருப்பதால் உண்டாகும் சத்தம் அது. உங்கள் போனில் ஒலிபெருக்கியும் மைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஊளை கேட்பதில்லை.

அதற்குக் காரணம் போனுக்குள் நடக்கும் ஒரு கணக்கு. தன் ஒலிபெருக்கி இப்போது என்ன சத்தம் போடுகிறது என்பது போனுக்குத் தெரியும். மைக்குக்குள் வந்த சத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அந்தப் பக்கம் அனுப்புகிறது. தன்னைத் தானே திருத்திக்கொண்டு எதிரொலியைக் கழிக்கும் இந்த முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1960களில் உருவாக்கினார்கள். அதில் முக்கியமான ஒருவர் எம். எம். சோந்தி. டில்லியிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1967இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அக்காலத்தில் அவர்களுடைய கவலை, செயற்கைக்கோள் வழியாகப் போகும் தூர அழைப்புகள். 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்த் திரும்பி இறங்கக் குரலுக்கு ஏறக்குறைய கால் செக்கன் ஆகிறது. பேசியவரின் குரல் அவ்வளவு பிந்தித் திரும்பி வந்து காதில் விழுந்தால் பேச்சே தடுமாறிப்போகும்.

பிந்தி வந்தால் ஏன் தடுமாறுகிறது என்பதை மலையில் பிறந்த நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எதிர் மலையைப் பார்த்துக் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வரும். ஒலி ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர் போகும். எதிர் மலை 170 மீற்றரில் இருந்தால் போய் வர ஒரு செக்கன். வீட்டுச் சுவரிலிருந்தும் குரல் திரும்பத்தான் செய்கிறது, ஆனால் உடனே வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வாட்ஸ்அப், இமோ போன்றவற்றில் பேசும்போது குரல் துண்டு துண்டாகப் பிரிந்து போய் அங்கே மறுபடி சேர்க்கப்படுவதால் ஒரு சிறு தாமதம் எப்போதும் உண்டு. ஆகவே கழித்தல் கணக்குக் கொஞ்சம் பிழைத்தாலும் எதிரொலி காதில் அடிக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்டால் பெரும்பாலும் பழுது உங்கள் போனில் இல்லை. அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவரிடம் "கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க" என்று சொன்னால் போதும். நம் ஆட்கள் தங்கள் போனைத்தான் தட்டுவார்கள், அணைத்துப் போடுவார்கள். நானும் செய்தவன்தான்.

அந்தக் கணக்குக்கு நாம் சில உதவிகள் செய்யலாம். போனை மெத்தையிலோ துணியிலோ வைத்தால் துவாரங்கள் மூடிக்கொள்ளும். பலகை மேல், மைக் உள்ள கீழ்விளிம்பு நம்மைப் பார்த்திருக்க, ஒரு முழத்துக்குள் வையுங்கள். சிலர் போனைச் சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பார்கள். நமக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே சத்தம் டம்ளருக்குள்ளேயே மோதி மைக்குக்குள் போவதால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். சத்தத்தை முழுமையாகக் கூட்டி வைத்தாலும் இதே கதை. முக்கால்வாசியில் வைத்துக்கொண்டு கிட்ட உட்காருவது நல்லது.

இருவரும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். இருபக்கக் குரலும் ஒன்றாக வரும்போது எதைக் கழிப்பது, எதை அனுப்புவது என்று போன் குழம்பி ஒரு பக்கத்தை அமுக்கிவிடும். "லைன் வெட்டி வெட்டி வருது" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். பாட்டி, மருமகள், பக்கத்து வீட்டு அக்கா மூவரும் ஒரே மூச்சில் பேசினால் எந்தப் போனாலும் முடியாது. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் அப்படியே. மழைச் சத்தத்தைக் குறைக்கப்போய், எட்ட இருந்து பேசுகிறவரின் குரலையும் போன் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்துப் பேசுங்கள்.

இவ்வளவும் இயந்திரத்தைப் பற்றியது. நம் லயத்துச் சுவரைப் பற்றியும் பேச வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் 10 அடிக்கு 12 அடி என்று கட்டிய காம்பராக்கள் இன்னும் பல தோட்டங்களில் இருக்கின்றன. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். எங்கள் தோட்டத்துப் பழைய லயத்தில் ஒரு தலைமாட்டில் தும்மினால் மறு தலைமாட்டில் "நூறு" என்பார்கள். அந்த இடத்தில் ஸ்பீக்கர் போட்டால் அழைப்பு ஒரு குடும்பத்துக்கு வரவில்லை, முழு லயத்துக்கும் வருகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் போன் என்றால் ஆபிஸில் ஒன்று, டவுனில் கொம்யூனிகேஷன் கடையில் ஒன்று. கிளார்க் ஐயா பக்கத்தில் நிற்க, கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்க்க, நெஞ்சிலுள்ளதைப் பாதி விழுங்கித்தான் எங்கள் பெற்றோர் பேசினார்கள். இன்று ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குவைத்துப் பிள்ளை பாதியை விழுங்கித்தான் பேசியது.

ஆகவே, ஸ்பீக்கர் போடப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொல்லுங்கள். "ஸ்பீக்கர்ல போடுறேன்மா, அண்ணியும் பக்கத்து வீட்டு அக்காவும் இருக்காங்க, பரவால்லயா?" இது பேச எத்தனை செக்கன் ஆகும்? வேண்டாம் என்றால் காதில் வைத்துப் பேசிவிட்டு, நலம் விசாரிக்கும் கட்டம் வரும்போது ஸ்பீக்கர் போடலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, நீங்களும் கேளுங்கள். "யாரு யாரு இருக்கீங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பில் நாம் பொத்தானை அழுத்தாமலே ஸ்பீக்கர் வேலை செய்யத் தொடங்கிவிடும். இரண்டு பக்கத்திலும் அப்படித்தான். நாம் இங்கிருந்து "அந்தப் பொம்பள இன்னும் ஒன்ன அடிக்கிறாளா?" என்று கேட்டால் அங்கே அடுப்படியில் அது ஒலிபெருக்கியில் விழும். எஜமானிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதே வீட்டில் வேலை செய்யும் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தால்? அவசரமான விஷயத்தைக் குரல் அழைப்பில், அதுவும் அந்தப் பிள்ளை தனியாக இருக்கும் நேரம் கேட்டுப் பேசுங்கள்.

கை ஓய்வாகவும் வேண்டும், மற்றவர்களுக்குக் கேட்கவும் கூடாது என்றால் வயர் உள்ள இயர்போன் ஒன்று போதும். வயரிலேயே மைக் இருக்கும், வாய்க்குக் கிட்ட இருப்பதால் குரல் தெளிவாகப் போகும், எதிரொலியும் வராது. ஆனால் மலையில் கொழுந்தெடுக்கும்போது இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். குளவி கலைந்தால் பக்கத்து நிரையில் இருப்பவர் போடும் கூச்சல்தான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை. அது காதில் விழ வேண்டும்.

ஸ்பீக்கரில் பேசவே கூடாத சில விஷயங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தை எடுப்பதற்கான இலக்கம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இவற்றை உரக்கச் சொல்லாதீர்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை ஸ்பீக்கரிலும் சொல்லக் கூடாது, காதோடும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி அதைக் கேட்கிறவர் வங்கிக்காரர் அல்ல. கிளினிக்கிலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல எடுக்கும் அழைப்பும் அந்த நோயாளியின் காதுக்கு மட்டும் உரியது. கெட்ட செய்தி சொல்ல அழைக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அழைப்பை எடுத்தவுடன் மரணச் செய்தியைக் கொட்டிவிடுகிறோம். அங்கே ஸ்பீக்கரில் நெஞ்சு வருத்தக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். "ஸ்பீக்கரை எடுத்துட்டு வெளியில வாங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னை அழைத்தார். நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் தன் மகளைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் அவசரமாக நிறுத்துவதற்குள் கடுதாசி வாங்க வாசலில் நின்ற நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அன்று பின்னேரமே அது பீலிக்கரையில் பேச்சாகிவிட்டது. அந்தப் பிள்ளை அடுத்த மாதம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டது. அந்தத் தாய் இன்றுவரை என்னை ஒன்றும் கேட்டதில்லை. வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அதற்குப் பிறகு ஆபிஸில் நான் ஸ்பீக்கர் போடுவதில்லை.

இதனால் ஸ்பீக்கரே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது கட்டாயம் தேவைப்படும் நேரங்கள் உண்டு. வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை இப்போது மலையகத்துக்கும் இருக்கிறது. அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளிக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். இரண்டு கையும் நோயாளிக்கு வேண்டும். அவர் மூச்சு விடுகிறாரா, எப்படிப் படுக்க வைப்பது என்று அங்கிருந்து கேட்பதையும் சொல்வதையும் பார்த்துச் செய்யலாம். தோட்டத்தின் பெயர், கணக்கின் பெயர், எந்த டவுனிலிருந்து எந்த வழியாக வர வேண்டும், பக்கத்தில் கோயிலா ஃபெக்டரியா என்பதைச் சொல்லுங்கள். லயத்து இலக்கம் மட்டும் சொன்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஒரு பையனை டோர்ச் லைட்டோடு பெரிய ரோட்டுச் சந்திக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் போனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று அழுதால் மறுபக்கத்தில் ஒன்றும் கேட்காது. ஒருவர் மட்டும் பேச வேண்டும்.

அரச அலுவலகம் ஒன்றிலிருந்து சிங்களத்தில் அழைப்பு வந்து, நமக்கு விளங்காதபோதும் ஸ்பீக்கர் கைகொடுக்கும். சிங்களம் தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். விளங்காமல் "ஹா ஹா" என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது, கேட்கலாம். ஆளில்லாதபோது பிள்ளையின் உதவி பெரிது.

குவைத்துப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். சம்பளம் வராதது, அடி உதை, கடவுச்சீட்டைப் பறித்தது போன்றவற்றுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம். இங்குள்ள குடும்பத்தவரே முறைப்பாடு கொடுக்கலாம். கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தப் பிரதி, ஏஜென்சியின் பெயர், வீட்டுக்காரரின் போன் இலக்கம் கையில் இருந்தால் வேலை இலகு. மகள்மார் புறப்படுமுன்பே இவற்றின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் ஒப்பந்தப் பிரதி இல்லை, தேடிப் பெறவே பத்து நாள் போனது. மருமகளும் நானும் போய் முறைப்பாட்டைப் பதிந்தோம். இதை எழுதும்போது மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்குரியது வந்து சேர்ந்திருக்கிறது. கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போனேன். ரொட்டிச் சட்டி அடுப்பில் இருந்தது, பாட்டியைக் காணவில்லை. லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. "தனியாத்தான் இருக்கேன் சாமி, சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.